வீடு கல்லூரி ஆகாது

‘வீட்டில் இருந்தபடியே கணினிப் பட்டம் பெறலாம்.’ செய்தித்தாளுக்குள் செருகி வரும் துண்டறிக்கையிலோ கைபேசியிலோ இந்த வரியைப் பார்க்காத பெண் இன்று தமிழ்நாட்டில் இருக்க மாட்டாள். இதில் ‘கணினி’ எனக்குச் சம்மதம். ‘பட்டம்’ சம்மதம். ‘பெறலாம்’ என்பதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அதையும் விட்டுவிடலாம். ‘வீட்டில் இருந்தபடியே’ என்கிற இரண்டு சொற்களோடுதான் எனக்குச் சண்டை.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குக் கணினி அறிவியலில் என்ன வேலை என்று கேட்கலாம். நான் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் குடியிருக்கிறேன். கல்லூரி ஆசிரியை என்பதால் விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்கவும், சும்மா மனசுவிட்டுப் பேசவும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். கணவரின் வேலைக்காக அணுசக்தி நகரியத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்து, வாங்கிய எம்.எஸ்சி. பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் வருகிறார்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு சதுரங்கப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் வருகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்த பிறகு, என்னிடம் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டே இணையத்தில் இன்னொரு பட்டத்துக்குச் சேர்ந்த மாணவிகளும் வருகிறார்கள். இவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது பாடத்தைப் பற்றிய சந்தேகம் அல்ல. கேட்டாலும் எனக்குத் தெரியாது. “உங்க மாடி ரூம்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துக்கட்டுமா அக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில், கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். தொலைவிலிருந்து படிப்பது தமிழ்ப் பெண்களுக்குப் புதிதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. 1985இல் இக்னோ வந்தது, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. எனக்கு மூத்த தலைமுறைத் தமிழாசிரியைகளில் எத்தனையோ பேர், தபாலில் வந்த பாடநூலை அடுப்படியில் விரித்து வைத்து எம்.ஏ. முடித்தவர்கள். ‘கரஸ்ல படிச்சவ’ என்ற இளக்காரத்தைப் பணி ஓய்வு வரைக்கும் சுமந்தவர்கள். அந்த இளக்காரத்தை நான் வழிமொழிய மாட்டேன்.

கணினிப் படிப்பில் திறந்திருக்கும் கதவும் உண்மையான கதவுதான். சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று நிரலாக்கமும் தரவு அறிவியலும் சேர்ந்த இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. இதற்கு ஜேஇஇ தேவையில்லை. ப்ளஸ் டூ எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். வயது வரம்பு கிடையாது. நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறுகிறவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. பாதியில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். ஜேஇஇ பயிற்சிக்கு லட்சங்களைக் கொட்டுகிற குடும்பங்கள் அதை யாருக்காகக் கொட்டுகின்றன என்பது நமக்குத் தெரியும். பையனுக்காக. அந்தச் செலவு இல்லாமல் ஒரு பெண் ஐஐடியின் பாடத்தைப் படிக்க முடிகிறது என்றால் அதைச் சிறிய விஷயம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கதவு திறந்தது. ஆனால் பாடத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்கிவைத்தார்கள்? பெண்ணுக்கு வேலை ஓயாத ஒரே இடத்தில்.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் ஒரு கணக்குச் சொன்னது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலையில் கைவைக்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது! வீட்டுக்கு மிக்சி வந்தாலும் வாஷிங் மெஷின் வந்தாலும் லாபத்தில் பங்கு கேட்க அவர்கள் தவறுவதில்லை.

இந்தக் கணக்கோடு படிப்பின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன ஐஐடி படிப்பில் ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று நிறுவனமே சொல்கிறது. ஒரு பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால் வாரம் இருபது மணி. நாளைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். 289 நிமிடத்தின் மேல் இந்த மூன்று மணி நேரத்தை எங்கே வைப்பது? தூக்கத்தில்தான் வைக்க வேண்டும். “ஒன்பதரைக்கு மேலதான் அக்கா எனக்குக் காலேஜ் திறக்கும்” என்று ஒருத்தி சொன்னாள். மாமனாருக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவைக் கரைத்து வைத்த பிறகு அவள் கல்லூரிக்குப் போகிறாள். காலையில் ஐந்து மணிக்குக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வந்ததும் அவள் கல்லூரி மூடிவிடும்.

கணினிப் படிப்புக்கு இன்னொரு குணம் உண்டு. தமிழ் இலக்கியத்தை இட்லி வேகிற நேரத்தில் பத்து வரி, குக்கர் விசில் வருவதற்குள் இன்னும் பத்து வரி என்று துண்டுதுண்டாகப் படிக்க முடியும். அடுப்படியில் எம்.ஏ. முடித்தவர்கள் அப்படித்தான் முடித்தார்கள். நிரல் எழுதுவது அப்படி இல்லை என்று இந்தப் பெண்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எந்த மாறிக்கு என்ன மதிப்பு, எந்தச் சுற்று எங்கே முடிகிறது என்று ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனசுக்குள் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது “அந்தக் கத்திரிக்கோல் எங்க?” என்று கேட்டால் அத்தனையும் சரிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அடுக்க அரை மணி ஆகும். பைத்தான் மொழியில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதற்குக்கூடப் பொருள் உண்டாம். ஒருத்தியின் இரண்டு வயது மகன் விசைப்பலகையில் கைவைத்து ஓர் இடைவெளியைக் கலைத்துவிட்டான். எது கலைந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஓர் இரவு போயிற்று. பகலில், யாரும் குறுக்கிடாத இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பாள்.

தேர்வு இதைவிடக் கொடுமை. பெரிய தேர்வுகளை எழுத நகரத்து மையத்துக்குப் போக வேண்டும். நிரல் எழுதிக் காட்டும் தேர்வுகள் சிலவற்றை வீட்டிலேயே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க எழுத வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் வரக் கூடாது, கண்கள் திரையை விட்டு விலகக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, அரிசி எடுக்க மாமியார் உள்ளே வந்துவிட்டார். அரிசி மூட்டை அந்த அறையில்தான் இருக்கிறது. அந்தத் தேர்வு செல்லாது என்று பதில் வந்தது. அவள் படிக்கிற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும். ‘தனி அறையில் இரு’ என்று அவளுக்கு விதி போடத் தெரிந்தவர்கள், அவளுக்குத் தனி அறை இருக்கிறதா என்று சேர்க்கைப் படிவத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முக்கால்வாசிப் பெண்கள் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொரு புறம் குடும்பங்களின் கணக்கு இருக்கிறது. எந்தத் தடையும் இல்லாத, பதினெட்டு வயதுப் பெண்ணையும் இப்போது இணையவழிப் படிப்பில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணனோ தம்பியோ ஜிஎஸ்டி சாலையிலோ ஓஎம்ஆரிலோ ஏதாவதொரு பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். தங்கைக்கு மாதாமாதம் ரீசார்ஜ். “அவளுக்கென்ன மேடம், வீட்லயே இருந்து ஐஐடி படிக்கிறா” என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்ளலாம். ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கவும் நன்றாக இருக்கும். ‘பாதுகாப்பு’ என்கிறார்கள். ஒரு மாணவிக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்று தம்பியின் விடுதி அறையில் இருக்கிறது. அவள் அம்மாவின் கைபேசியில் பாடம் பார்க்கிறாள். அம்மா வேலைக்குப் போனால் பாடமும் கூடப் போய்விடும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் கேட்டபோது, தனக்கென்று பயன்படுத்தக் கைபேசி வைத்திருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 53.9 விழுக்காடு. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1. கைபேசியைக்கூடப் பொதுவில் வைத்திருக்கும் வீட்டில் கல்லூரியை மட்டும் அவளுக்கென்று தனியாக யார் விட்டுவைப்பார்கள்?

கல்லூரியில் பாடம் மட்டுமா கிடைக்கிறது? இருபது வருடமாக வகுப்பறையில் நிற்கிறவள் சொல்கிறேன். காலையில் பேருந்து பிடிக்கிறபோதே அவள் யாருடைய மகளும் இல்லாத ஒரு மணி நேரத்துக்குள் நுழைந்துவிடுகிறாள். வேறு சாதிப் பெண்ணோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறாள். சீனியரிடம் எந்தக் கம்பெனிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொள்கிறாள். ஆசிரியையோடு சண்டை போடுகிறாள். யாரையாவது காதலிக்கிறாள், அல்லது காதலிக்க வந்தவனை வேண்டாம் என்று சொல்லப் பழகுகிறாள். மாலை வீடு திரும்பும்போது, காலையில் போனவளாக அவள் திரும்புவதில்லை. பெற்றோர்கள் ‘பாதுகாப்பு’ என்று சொல்லித் தடுக்கப் பார்ப்பது இந்த மாற்றத்தைத்தான். இணையவழிப் பட்டம் பட்டத்தைக் கொடுக்கிறது, இந்த மாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால்தான் எத்தனையோ அப்பாக்களுக்கும் மாமியார்களுக்கும் அது இவ்வளவு பிடித்திருக்கிறது.

நம் முன்னோடிகள் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். சகோதரி சுப்பலட்சுமி, தானே குழந்தை விதவையாக இருந்து 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். விதவைச் சிறுமிகளுக்குப் படிப்பு வேண்டும் என்று நினைத்தபோது, வீடுவீடாகப் புத்தகம் அனுப்பிவைக்க அவர் திட்டம் போடவில்லை. சிறுமிகளை வீட்டிலிருந்து வெளியே எடுத்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்தினார். அந்தச் சிறுமிக்கு எழுத்துக்கு முன்னால் தேவைப்பட்டது, மூலையில் உட்கார் என்று சொல்ல ஆளில்லாத ஓர் இடம். வயது வந்த பெண்களுக்காக 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். 1954இல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து மதுராந்தகத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல மையம் அமைய உதவினார். அவர் தொடங்கிய எல்லாமே இடங்கள். பெண்கல்வியின் வரலாறு என்று நாம் சொல்வதில் பாதி, பெண்ணுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களின் வரலாறுதான்.

நான் வசிக்கும் ஊரும் எனக்கு இதையே சொல்லித் தந்திருக்கிறது. ஓர் அறிவியலை இந்த நாடு முக்கியம் என்று நினைத்தால் அதற்கு என்ன செய்யும் என்று பார்க்கக் கல்பாக்கத்துக்கு வாருங்கள். கடலோரத்தில் நிலம் எடுத்தார்கள். ஆய்வு மையம் கட்டினார்கள். ஆய்வாளர்கள் குடியிருக்க நகரியம், அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி, நோய்க்கு மருத்துவமனை, வேலைக்குக் கூட்டிப்போகப் பேருந்து. ‘வீட்டில் இருந்தபடியே அணுவைப் பிளக்கலாம்’ என்று எந்த விஞ்ஞானியிடமும் யாரும் சொல்லவில்லை. அணுசக்தியைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அவை இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது பொறுமையைப் பற்றி. இங்கே கட்டிக்கொண்டிருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளக் குழியில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் புகுந்தது. மறுபடியும் கட்டினார்கள். 2010இல் முடிந்திருக்க வேண்டிய உலை அது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. அந்த உலையை யாரும் ‘படிப்பைப் பாதியில் விட்டவள்’ என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் பிரசவத்துக்காக இரண்டு பருவம் விட்டுவிட்டு வருகிற பெண்ணைப் பார்த்து, “இவளுக்கு எதுக்கு இந்த வீண் செலவு?” என்று கேட்பதற்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே நிரல் எழுதிய பெண்கள் வரலாற்றில் இல்லையா? இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண் 1962இல் 6 பவுண்டு முதலோடு ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட நிரலாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யவைத்தார். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்துப் போட்டார். தொலைபேசியில் குழந்தைச் சத்தம் கேட்காமலிருக்கத் தட்டச்சு ஓசையை ஒலிநாடாவில் ஓடவிட்டார். கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் ஏற்கெனவே வெளியே போய்ப் படித்து, அலுவலகத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட பிறகு வீட்டுக்கு வந்தவர்கள். வீட்டில் செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள். சம்பளம் வருகிற வேலையை வீடு மதிக்கும். பணம் கட்டிச் செய்கிற படிப்பை வீடு பொழுதுபோக்கு என்றுதான் நினைக்கும்.

“அதுவும் இல்லாத பெண்களுக்கு இதாவது கிடைக்கட்டுமே” என்பது அடுத்த வாதம். ‘இதாவது’ என்ற சொல்லை நான் கேட்டுக்கேட்டுச் சலித்துவிட்டேன். மீனின் நடுத்துண்டு பையனுக்குப் போன பிறகு வாலாவது கிடைத்ததே என்று சாப்பிட்ட தலைமுறைகள் போதும். இணையவழிப் பட்டம் வேண்டும். அதோடு வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் வேண்டும். இது பேராசை கிடையாது. தமிழ் கற்பிக்க 2001இல் அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம்கூட, உலகெங்கும் இருப்பவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்தியபோதே தொடர்பு மையங்கள் என்று ஏற்படுத்திக்கொண்டது. படிக்கிறவர்கள் எங்காவது உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே கேட்கிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிவருகிறோம். அந்தப் பணத்தில் கிளை நூலகங்கள்தோறும் நாலு கணினியும் நல்ல இணைய இணைப்பும் கதவு சாத்திக்கொள்ள முடிகிற ஓர் அறையும் வேண்டும். கேமரா வைத்து நடத்தும் தேர்வை அந்த அறையில் எழுதலாம் என்று பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சுத்தமான கழிப்பறையும், குழந்தையை விட்டுவைக்க ஒரு மூலையும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணும் வேண்டும். செங்கல்பட்டில் ஒரு தேர்வு மையம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை யார் வைப்பது என்ற சண்டையை முடித்துவிட்டு எழுபது கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கு ஓட எல்லோராலும் முடியாது.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது, 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம். நல்ல திட்டம். ஆனால் தொலைதூரக் கல்வியில் படிக்கிறவளுக்கு அது கிடையாது. திறந்தநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் பெற்ற பட்டம் நேரில் படித்துப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு அறிவித்துவிட்டது. பட்டம் சமம் என்றால் பட்டத்துக்குப் படிக்கிறவளும் சமம்தானே? கல்லூரிக்குப் போக வழியில்லாதவளுக்குத்தான் அந்த ஆயிரம் ரூபாய் முதலில் போயிருக்க வேண்டும். அவள் கணக்கில், அவள் பெயரில்.

அரசிடம் கேட்பதோடு இது முடியாது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவியே, உன்னை இணையவழியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அண்ணனை எங்கே சேர்த்தீர்கள் என்று முதலில் கேள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தோழியே, உன் படிப்பு நேரத்தைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி மாட்டு. அந்த நேரத்தில் பால் பொங்கினால் பொங்கட்டும்; அடுப்பை அணைக்க வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன. உன் தெருவில் உன்னைப்போலப் படிக்கிற இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். மூவரும் சேர்ந்து கிளை நூலகத்துக்குப் போய், மேசை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒருத்தி கேட்டால் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள். மூவர் கேட்டால் பதில் எழுத வேண்டியிருக்கும்.

என் மாடி அறை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துதான் இருக்கிறது. அதில் நான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது.